சேற்றில் கூடும் நஞ்சுகளும் சிற்றிறால் இனங்களும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துவதால், இரவும் பகலும் அதனை இறைத்தாலன்றிச் சுரங்க வேலை நடவாது. இவ்வாறு இறைக்கப்படும் ஜலம் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனத்துக்கு உதவுகிறது. மிகுதி பரவனாற்றின் வழியே கடலூர் உப்பனாற்றுக் கழியை அடைகிறது. அக்கழியின் கரையில் சிப்காட் ஆலைகள் இருக்கின்றன.

ஆலைகள் நிறைந்த கழிகளில் நீர் தெளிந்து தோன்றினும் செம்பு, துத்தநாகம், காட்மியம் முதலிய உலோகங்கள் நுண்களியைப் பற்றி அடியில் தங்கிவிடும். அச்சேற்றில் நெல்மணியளவே உள்ள ஆம்பிபாட் என்னும் சிற்றிறால் இனங்கள் வாழ்கின்றன. மீன்களுக்கு இவை முக்கிய ஆகாரம். இவை அழிந்தால் கழியின் மீன்வளம் குன்றும்.

சேற்றைச் சோதிப்போர் வழக்கமாக ஒவ்வொரு நஞ்சையும் தனித்தனியே அளக்கின்றனர். இது போதாது. பிராணிகளில் பாதியைக் கொல்லும் அளவில் செம்பு மூன்றிலொரு பங்கும், துத்தநாகம் மூன்றிலொரு பங்கும், காட்மியம் மூன்றிலொரு பங்கும் இருப்பதாகக் கொள்வோம். தனியே பார்த்தால் ஒன்றும் அவ்வளவை எட்டவில்லை. ஆனால் அவற்றின் வேகம் ஒன்றோடொன்று கூடுமாயின் மூன்றும் சேர்ந்து அவ்வளவு முழுவதும் ஆகிவிடுகின்றன. எல்லாக் கலவையும் இவ்வாறே கூடுமென்பதில்லை. பாதரசத்தின் வேகத்தைச் செலினியம் தணிப்பதுண்டு. ஆதலின் உயிருள்ள ஆம்பிபாட்டுகளையே சேற்றில் விட்டுப் பத்து நாள் கழித்துப் பிழைத்தவற்றை எண்ணும் முறை அமெரிக்காவில் கையாளப்படுகிறது.

குற்றம் ஆலைகளுடையது மட்டுமன்று. வயலில் தெளிக்கும் சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகளும் களியில் ஒட்டி, மழைநீருடன் இதே சேற்றுக்கு வந்து சேருகின்றன. இவை ஆம்பிபாட்டுகளுக்கு மிகக் கொடியவை. மருந்தின் வீரியத்தைப் பெருக்குவதற்காகச் சேர்க்கப்படும் பைப்பரோனில் பியூட்டாக்சைடு என்னும் துணைச்சரக்கு, தன்னளவில் அதிகத் தீங்கற்றதாயினும், சேற்றில் அம்மருந்தின் கொடுமையை ஏற்றிவிடுகிறது.

ஏரி வண்டல் அடிக்கும் மிராசுதார்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நாற்றமுள்ள கருஞ்சேற்றில் சல்பைடு என்னும் கந்தகக் கூட்டுப்பொருள் உலோகங்களைக் கட்டிவைத்திருக்கும். தூர்வாரிக் காற்றில் உலர்த்தியதும் அக்கட்டு அவிழ்ந்து, உலோகங்கள் நீரில் கரையத் தொடங்கும். ஆலைக் கழிவு அல்லது சாம்பல் சேரும் ஏரியின் வண்டலை, சோதனை முடிவு தெரியுமுன் நன்செயில் பரப்பலாகாது.

மாதிரி எடுக்கும் கிராம அதிகாரிகள், ஈரச்சேற்றை அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பிக் காற்றுப்புகாமல் மூடி, எடுத்த இடமும் தேதியும் எழுதி, பனிக்கட்டியில் வைத்துத் தாமதமின்றி ஆய்வுசாலைக்கு அனுப்புதல் வேண்டும். உலர்ந்த மாதிரி இச்சோதனைக்குப் பயன்படாது.