திண்ணையில் சுழலும் கதிர்

நுழையும்முன்

'நூல்' என்னும் ஒரே சொல் ஆடைக்குரிய இழையையும் அறிவுக்குரிய ஏட்டையும் குறிக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு, பஞ்சைக் கையில் எடுத்து இழை வாங்கிப் பார்த்தவர்க்கு எளிதில் விளங்கும். ஒரு காலத்தில் பிழைப்பாக இருந்த கைந்நூற்பு, இன்று விரும்பியவர் வீட்டில் அமர்ந்து ஓய்வாகச் செய்யும் கலையாகவும் விளங்குகிறது. அக்கலை தரும் இன்பத்தையும், அவ்வின்பத்துக்குப் பின்னே நிற்கும் மாந்தரையும் இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

தறி உண்டு, நூற்பு இல்லை

திருத்தணி மலைக்கோவிலின் 365 படிகளையும் ஏறி நின்று நோக்கினால், ஆந்திர எல்லை வரை விரிந்து கிடக்கும் நிலம் கண்ணில் படும். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் அந்நிலத்தில் உள்ளன. எல்லைக்கு அப்பால் உள்ள நகரியும் நெசவு ஊரே. கைத்தறியின் ஓசையும் விசைத்தறியின் ஓசையும் இவ்வூர்த் தெருக்களுக்குப் பழகியவை.

நெசவாளர் வீட்டில் இராட்டையும் உண்டு. வீட்டின் முதியவர் ஒருவர் அதன்முன் அமர்ந்து சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருப்பார். காண்பவர் அவர் நூல் நூற்பதாக எண்ணக்கூடும். உண்மையில் அவர் தார் சுற்றுகிறார். ஆலையிலிருந்து வந்த நூலை, நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் ஏற்றுகிறார். நூற்பதற்கென்று தோன்றிய கருவி, நூற்பு மறைந்த பின்னும் வேறொரு வேலையில் அமர்ந்து வீட்டை விட்டு நீங்காமல் இருக்கிறது.

கைத்தறித் துணியையும் கதர்த் துணியையும் ஒன்றெனக் கருதுவோர் படித்தவரிடையேயும் பலர். ஆலை நூலைக் கொண்டு கையால் நெய்தது கைத்தறித் துணி. நூற்பும் நெசவும் ஆகிய இரண்டும் கைவினையாக அமைந்தது கதர். நெசவு வாழும் ஊரில் நூற்பு இல்லாமற் போனது எவ்வாறு என்னும் வினாவுக்கு இவ்வேறுபாட்டிலேயே விடையின் ஒரு பகுதி உள்ளது.

எல்லை கடந்த சொற்கள்

ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நிலத்தில் எல்லைக்கோடு வரையப்பட்டது. நூற்புக்குரிய சொற்களோ இருபுறமும் நிலைத்தன. தமிழில் நூல் என்பது தெலுங்கில் நூலு. இங்கே கதிர் எனப்படும் நூற்புக் கம்பி அங்கே கதுரு. பஞ்சை விரலால் பிரித்து நெகிழச் செய்வதைத் தமிழ் 'எஃகுதல்' என்று வழங்கியது. அச்சொல் தமிழரின் நாவிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. தெலுங்கில் 'ஏக்கு' என அது இன்னும் வழங்குகிறது. நூற்பதற்கென உருட்டி வைத்த பஞ்சுப் பட்டைக்கும் அங்கே அதுவே பெயர்.

ஆந்திரத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூரு என்னும் ஊரில் இப்பணி இன்றும் கையாலேயே நடைபெறுகிறது. அங்குள்ள பெண்கள் பருத்தியைச் சீவித் தூய்மை செய்ய ஒருவகை மீனின் தாடையெலும்பைப் பயன்படுத்துகின்றனர். அதில் நெருக்கமாக அமைந்த சிறு பற்களே அவர்களுக்குச் சீப்பு. நெய்வதற்கு நெடுநேரம் முன்பே துணியின் தரம் முடிவாகிவிடுகிறது என்பதை அவ்வூர்க் கதர் காட்டுகிறது.

இழை பிறக்கும் விதம்

பருத்தி இழை ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் நீளமே உடையது. காய் வெடித்துப் பஞ்சு உலரும்போது, மெல்லிய குழல்போல் இருந்த இழை தட்டையாகித் தானே முறுக்கிக்கொள்கிறது. ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்ள அவ்வியற்கை முறுக்குத் துணைசெய்கிறது. நூற்பவர் செய்யும் செயல்கள் இரண்டே: இழுத்தல், முறுக்குதல். இவ்விரண்டும் ஒத்து நடந்தால், விரலளவு நீளமும் இல்லாத இழைகள் முடிவில்லாத நூலாக நீளும்.

தொடக்கத்தில் இரண்டும் ஒத்து நடப்பதில்லை. இழுப்பு மிகுந்து முறுக்குக் குறைந்தால் இழைகள் நழுவி நூல் அறுகிறது. முறுக்கு மிகுந்தால் நூல் தன்மேல் தானே திருகிச் சுருள்கிறது. முதல் சில நாள்களில் ஒரு முழம் நூலுக்குள் நாலைந்து முறை அறுபடுவது இயல்பு. இந்நிலையில் பலர் தக்ளியைக் கீழே வைத்துவிடுகின்றனர். வைக்காமல் தொடர்பவர் ஒருநாள் ஒரு மாற்றத்தை உணர்கிறார். கண் பார்த்துச் சொல்வதற்கு முன்பே விரல் அறிந்துகொள்கிறது.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு. முறுக்கு எப்போதும் நூலின் மெலிந்த இடத்தை நோக்கியே முதலில் ஓடும். பருத்த இடம் முறுக்குப் பெறாமல் தளர்ந்தே இருக்கும். ஆகவே பஞ்சைப் பிடித்த கையைச் சற்றுப் பின்னே வாங்கினால், முறுக்கேறிய மெல்லிய இடம் உறுதியாக நிற்க, பருத்த இடம் மட்டும் நெகிழ்ந்து மெலியும். மெலிந்தவுடன் அங்கும் முறுக்கு ஏறும். நூல் தன் குறையைத் தானே திருத்திக்கொள்கிறது; நூற்பவர் அதற்குரிய நேரத்தை அளித்தால் போதும். விரைவு கருதி இழுப்பவர்க்கு இந்நுட்பம் கைகூடுவதில்லை. நூற்பின் இன்பத்தில் பெரும்பங்கு இவ்விடத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் தொடங்குவோர்க்குத் தக்ளியே ஏற்ற கருவி. ஒரு மெல்லிய கம்பியும் அதன் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு வட்டும் கொண்ட அமைப்பு அது. கீழடி அகழாய்வில் கிடைத்துள்ள சுடுமண் தக்களிகள் இத்தகைய வட்டுகளே. பருத்தி இழை குறுகியதாதலால், தொங்கும் தக்ளியின் எடையைத் தொடக்கநிலை நூல் தாங்காது. எனவே அதன் அடிமுனையைச் சிறு கிண்ணத்திலோ கொட்டாங்கச்சியிலோ ஊன்றிச் சுழற்றுவர். வலக்கை விரல்கள் கம்பியைச் சுண்டிவிட, இடக்கை பட்டையோடு மெல்ல மேலெழும். கை எட்டும் உயரம் வரை நூல் வந்ததும் அதனைக் கம்பியில் சுற்றிவிட்டு மீண்டும் தொடங்குவர்.

இராட்டையில் அமர்ந்தவர்க்கு விரைவு கூடும், ஓசையும் கூடும். சக்கரம் ஒருமுறை சுழல, கதிர் பலமுறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் நூல் கதிரின் நுனியிலிருந்து நழுவி ஒரு முறுக்குப் பெறுகிறது. அப்போது எழும் முரலும் ஓசை சீராக இருந்தால் நூலும் சீராக இருக்கும். பழகியவர் கண்ணை மூடிக்கொண்டும் பிழையை ஓசையால் அறிவர்.

கோடையில் தமிழகத்தின் மிகுந்த வெப்பம் பதிவாகும் ஊர்களுள் திருத்தணியும் ஒன்று. உலர்ந்த காற்றில் பருத்தி இழை விறைத்து எளிதில் அறும். ஈரக் காற்றில் நெகிழ்ந்து கொடுக்கும். ஆகவே அங்கு நூற்க விரும்புவோர்க்கு நண்பகலைவிட விடியற்காலையே உகந்தது.

தெரிந்து தெளிவோம்

840 கெசம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் எத்தனை சிட்டங்கள் உள்ளனவோ, அதுவே அந்நூலின் நம்பர். 20ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 16,800 கெசம் நீளம் இருக்கும். 60ஆம் நம்பர் நூல் 50,400 கெசம் இருக்கும். நம்பர் உயர உயர நூல் மெலியும்.

சிறு விளக்கும் நுண்பனுவலும்

சங்கப் புலவர் நூற்பவரை நன்கு அறிந்திருந்தனர். மலைமேல் தவழும் மேகத்தைப் பாட வந்த கபிலர், நூற்கும் பெண்டிரின் நுண்ணிய பனுவலை நற்றிணைப் பாடல் ஒன்றில் உவமையாக்கினார். மழைக்காலத்தில் தணிகை மலையின் மேல் மெல்லிய மேகம் படர்வதைக் கண்டவர்க்கு அவ்வுவமை புதிதாகத் தோன்றாது. ஆனால் கபிலர் அங்கே வேறொன்றையும் சொல்லிச் செல்கிறார்: அப்பெண்டிர் ஆண்துணை இல்லாதவர், தம் முயற்சியால் வாழ்பவர். புறநானூறு காட்டும் பருத்திப் பெண்டோ, இரவில் எழுந்து சிறிய விளக்கொளியில் பஞ்சின் குப்பையைப் புடைத்து நீக்குகிறாள். பகற்பொழுது அவள் வேலைக்குப் போதவில்லை. ஆங்கிலத்தில் 'ஸ்பின்ஸ்டர்' என்னும் சொல் முதலில் நூற்பவளைக் குறித்துப் பின்னர் மணமாகாப் பெண்ணைக் குறித்ததும் இங்கு எண்ணத்தக்கது.

பனுவல் என்னும் சொல்லும் நூல் என்பதைப் போலவே நெடும்பயணம் செய்தது. பஞ்சையும் இழையையும் குறித்த அச்சொல், பின்னர்ப் புலவர் இயற்றும் ஏட்டுக்கு ஆயிற்று. பவணந்தியார் நன்னூல்ப் பாயிரத்தில் இவ்வுறவை முழு உருவகமாக விரிக்கிறார். அவர் கூற்றின்படி சொல் பஞ்சாகிறது, செய்யுள் இழையாகிறது, வாய் கையாகிறது, அறிவு கதிராகிறது, புலவன் நூற்கும் பெண்ணாகிறான். கற்றோர் அவையில் இடம்பெறாத ஒரு பெண்ணின் இருக்கையில் புலவனை அமர்த்தியது இலக்கணநூல் ஒன்று என்பது வியப்புக்குரியது. அதே நூற்பாவில் இராட்டையைப் பற்றிய குறிப்பு இல்லை. கதிர் மட்டுமே உள்ளது.

விருப்பமும் கட்டாயமும்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் தோன்றின. அடுத்த சில பத்தாண்டுகளில் ஆலை நூல் இந்தியச் சந்தைக்கு வந்தது. நெசவாளர்க்கு அந்நூல் மலிவாகவும் சீராகவும் கிடைத்தது; தறி ஓடியது. நூற்றவர்க்கோ வாழ்வு போயிற்று. 1828ஆம் ஆண்டில் வங்காளத்தின் 'சமாச்சார் தர்ப்பண்' இதழில் நூற்பையே நம்பி வாழ்ந்த கைம்பெண் ஒருவரின் முறையீடு வெளிவந்தது. தம் நூல் விற்ற விலையில் மகளிர்க்கு மணம் செய்வித்த அவர், இறக்குமதி நூலால் உணவுக்கும் வழியற்ற நிலையை அதில் எடுத்துரைத்தார். நூற்பு இன்பமானது என்று பேசுவோர் அம்முறையீட்டைக் கடந்தே பேச வேண்டும்.

காந்தியடிகள் 1909இல் 'இந்து சுயராச்சியம்' எழுதியபோது இராட்டையைப் பார்த்திருக்கவில்லை. இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். கங்காபென் என்னும் பெண்மணி நெடுநாள் தேடிப் பரோடா பகுதியின் விஜாப்பூரில் அதனைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அங்கே பல வீடுகளில் அது பரணில் கிடந்தது. பின்னர் மும்பையில் நோயுற்றிருந்தபோது தம் அறையில் சுழன்ற இராட்டையின் ஓசை, உடல்நலம் மீள்வதற்குத் துணைசெய்தது என்றும் அடிகள் எழுதியுள்ளார்.

ஓசையை மருந்தாக உணர்ந்த அவரே அதனைக் கடமையாகவும் ஆக்க முயன்றார். காங்கிரசு உறுப்பினர் மாதந்தோறும் 2,000 கெசம் நூல் அளிக்க வேண்டும் என்னும் விதி 1924இல் ஏற்கப்பட்டது. 20ஆம் நம்பரில் அதன் எடை ஏறத்தாழ 54 கிராமே. எனினும் பலர் பிறர் நூற்றதை விலைக்கு வாங்கிச் செலுத்தினர். அடுத்த ஆண்டிலேயே, நூலுக்கு மாற்றாகப் பணமும் செலுத்தலாம் என விதி தளர்ந்தது. கட்டாயத்தால் கை பழகுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. விதி தளர்ந்த பின்னரும் நூற்றவர் இருந்தனர். அவர்கள் விரும்பி நூற்றவர்கள்.

நூற்பவரின் வருவாயை உயர்த்த, தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் பல கதிர்கள் கொண்ட அம்பர் இராட்டையை உருவாக்கினார். கதர்த் தொழிலுக்கு அது பேருதவியாயிற்று. அதில் பஞ்சை இழுக்கும் வேலையை உருளைகளே செய்துவிடுகின்றன. விரலுக்கு வேலை குறைவு. பிழைப்புக்காக நூற்பவர்க்கு அது வேண்டிய வசதி. மகிழ்ச்சிக்காக நூற்பவர்க்கு அவ்விழுப்பே நூற்பின் உயிர்; ஆகவே அவர்க்கு ஒற்றைக் கதிரே ஏற்றது. புறநானூற்றுப் பெண்ணால் விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் செல்ல இயலவில்லை. இன்று திண்ணையில் அமர்பவர், கை வலித்தால் தக்ளியை வைத்துவிட்டு எழலாம். இருவர் விரலும் செய்வது ஒரே செயல்தான். ஓய்வாக நூற்பவர் ஒரு மணிநேர உழைப்பில் எவ்வளவு சிறிய நூலுருண்டை சேர்கிறது என்பதைக் கண்டபின், அப்பெண்ணின் இரவுகளை ஓரளவு அளந்தறிய முடிகிறது.

முதல் நூல் செல்லும் இடம்

ஒரு துண்டுக்கு 200 கிராம் நூல் வேண்டும் என்று கொள்வோம். 20ஆம் நம்பரில் அதன் நீளம் ஏறத்தாழ 7,400 கெசம். இராட்டையில் மணிக்கு 300 கெசம் நூற்பவர்க்கு இது 25 மணிநேர வேலை. தக்ளியில் தொடங்கும் மாணவர்க்குப் பல மாதங்கள் ஆகலாம். திருத்தணிப் பகுதியில் வாழ்பவர்க்கு ஒரு நற்பேறு உண்டு. நூற்றதை எடுத்துக்கொண்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தறி வைத்திருப்பவர் அடுத்த ஊரிலோ அடுத்த தெருவிலோ இருப்பார்.

அவர் நூலை வாங்கிப் பார்ப்பார்; இரு கைகளிலும் பிடித்துச் சுண்டி இழுப்பார். பழகாத கையின் நூலைப் பாவுக்கு ஏற்கமாட்டார். தறியின் இழுவிசையையும் உராய்வையும் பாவு நூலே தாங்க வேண்டும். மேடுபள்ளமான நூல் அங்கே நில்லாது. ஊடைக்கு ஆகும் என்று சொல்வாராயின், அது பெரும் பாராட்டு. முதற்சில வாரங்களின் நூலோ ஊடைக்கும் ஆகாது. அதனையும் எறிய வேண்டியதில்லை. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் வந்த அந்நூலை மூன்றாக மடித்து முறுக்கினால் நல்ல விளக்குத்திரி ஆகும். கார்த்திகைத் திருநாளில் வாசல் அகலில் அதனை இட்டு எண்ணெய் வார்த்தால், தடித்த இடங்களில் சற்றே கூடுதலாக எரியும்.