நியூட்ரல் கம்பி ஏன் சுடுகிறது?

'மூன்று ஃபேஸ்களிலும் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் மின்னோட்டம் சுழி' என்று மேல்நிலை வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய தந்தை எலக்ட்ரீசியன்.

"நம்ம கம்ப்யூட்டர் லேப்ல அப்பா கிளாம்ப் மீட்டர் வச்சுப் பார்த்தாங்க சார். மூணு ஃபேஸ்லயும் 6 ஆம்பியர். நியூட்ரல்ல 9. கம்பி சுடுது."

மீட்டர் பழுதாக இருக்கும் என்று உட்கார வைத்துவிட்டேன். மாலையில் அவருடைய தந்தையுடன் போய்ப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது.

நான் சொன்ன விதி பல்பு, ஹீட்டர் போன்ற சுமைகளுக்குப் பொருந்தும். அவற்றில் மின்னழுத்தம் சைன் அலையாக இருந்தால் மின்னோட்டமும் சைன் அலையே. கணினி, எல்.இ.டி. விளக்கு, செல்பேசி சார்ஜர் ஆகியவை அப்படியல்ல. அவற்றுள் அலைத்திருத்தியும் மின்தேக்கியும் உள்ளன. மின்தேக்கியில் உள்ளதைவிட வெளி மின்னழுத்தம் உயரும்போதுதான், அதாவது அலையின் உச்சிக்கு அருகில் மட்டும், மின்னோட்டம் குறுகிய துடிப்பாகப் பாய்கிறது. இத்துடிப்பைப் பிரித்தால் 50 ஹெர்ட்சுடன் 150, 250 ஹெர்ட்ஸ் எனச் சீரிசைகள் கிடைக்கும்.

இவற்றில் 150 ஹெர்ட்ஸைக் கவனியுங்கள். ஃபேஸ்களுக்கு இடையே 120 பாகை வேறுபாடு. மூன்றாம் சீரிசைக்கு அது 3 × 120 = 360 பாகை; அதாவது வேறுபாடே இல்லை. மூன்றும் ஒன்றையொன்று நீக்காமல் நியூட்ரலில் கூடிவிடுகின்றன. வரைபடத்தாளில் மூன்று வண்ணங்களில் வரையச் செய்தால் மாணவர்களுக்கு உடனே விளங்கும். இதற்காக மின்பலகையைத் திறந்து காட்ட வேண்டாம்.

அடுத்த விளைவு பக்கத்து வீட்டையும் தொடுகிறது. மின்மாற்றிக்கும் கம்பிக்கும் மின்தடையும், அதிர்வெண்ணுடன் உயரும் மின்தூண்டல் மின்மறுப்பும் உண்டு. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில், உச்சியிலேயே மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்த இறக்கமும் அங்கேயே நிகழ்கிறது. அலையின் உச்சி தட்டையாகிறது. அதே லைனில் ஓடும் மோட்டாருக்கும் இந்தத் திரிந்த மின்னழுத்தமே போய்ச் சேர்ந்து, அதைக் கூடுதலாகச் சூடாக்குகிறது. மின்மாற்றிக்கு அருகில் திரிபு குறைவு. நீண்ட, மெலிந்த கம்பியின் கடைசியில் அதிகம்.

மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொல்லி, அந்த மாணவரையே கரும்பலகையில் வரைய அழைத்தேன். லேபில் அவருடைய தந்தை நியூட்ரலுக்குத் தடித்த கம்பி போட்டுவிட்டார்.