நகம் நகர்கிறது: ஒட்டு நகத்துக்கு அடியில் நடப்பது என்ன?

தீபாவளிக்கு வைத்த மருதாணி உள்ளங்கையில் இரண்டு வாரத்தில் மங்கிவிடும். விரல் நகத்தில் ஏறிய சிவப்பு மட்டும் பொங்கல் வரை போகாது. இதை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் பொங்கலன்று அந்த நகத்தை மறுபடி உற்றுப் பாருங்கள். சிவப்பு இருந்த இடத்தில் இல்லை. அடியில் மருதாணியே படாத புது நகம் தெரியும். சிவப்பு நுனிப் பக்கம் தள்ளிப் போயிருக்கும்.

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள், கெரட்டின் என்ற புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. தோலின் மேலடுக்கிலும் கெரட்டின் உண்டு, நகத்திலும் உண்டு. தோல் தன் மேலடுக்கைத் தூள் தூளாக உதிர்த்துவிடுகிறது, சாயமும் கூடவே போகிறது. நகம் உதிர்வதில்லை. அது முழுத் தகடாக முன்னோக்கி நகர்கிறது.

நகம் நுனியில் வளர்கிறது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். நாம் வெட்டுவது நுனியைத்தானே! உண்மையில் நுனியில் ஒன்றுமே நடப்பதில்லை. நகத்தின் அடியில், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கும் நக வேரில்தான் உயிருள்ள செல்கள் பெருகுகின்றன. கட்டைவிரலில் பிறைநிலா போலத் தெரியும் வெளிறிய பகுதி அந்த நக வேரின் முன்விளிம்புதான். அங்கே பிறக்கும் செல்கள் கெரட்டினால் நிரம்பி, தட்டையாகி, இறந்து, பின்னால் வரும் செல்களால் தள்ளப்படுகின்றன. கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் வார்ப்பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை நகரும், அதன்மேல் வைத்த பெட்டியும் சேர்ந்து நகரும். மருதாணி ஒரு பெட்டி. அக்காவோ சித்தியோ கல்யாணத்துக்காக வைத்துக்கொள்ளும் ஒட்டு நகமும் ஒரு பெட்டிதான்.

எவ்வளவு வேகம்?

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

இதை அளந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர். 1940களின் தொடக்கத்தில் தன் கட்டைவிரல் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு சிறு கோடு போட்டு, அது நுனிக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார். ஒரு முறை அல்ல, 35 ஆண்டுகள்! அவருக்கு 32 வயதானபோது நகம் நாளுக்கு 0.123 மி.மீ. வளர்ந்தது, 67 வயதில் 0.095 மி.மீ. ஆகக் குறைந்தது. ஆய்வுக்கூடமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். ஓர் அரம், ஒரு நாட்குறிப்பு, பொறுமை, அவ்வளவுதான்.

பொறுமைக்கு இந்தியாவிலும் ஓர் ஆள் உண்டு. புனே நகரின் ஸ்ரீதர் சில்லால், 1952இல் இடது கை நகங்களை வெட்டுவதை நிறுத்தினார். மாணவராக இருந்தபோது ஓர் ஆசிரியரின் நீண்ட நகத்தைத் தெரியாமல் உடைத்துவிட்டு வாங்கிய திட்டுதான் காரணமாம். (ஆசிரியர் திட்டு எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.) 2018 ஜூலையில் நியூயார்க்கில் அவற்றை வெட்டியபோது ஐந்து நகங்களின் மொத்த நீளம் 909.6 சென்டிமீட்டர். கட்டைவிரல் நகம் மட்டும் 197.8 செ.மீ. இதை 66 ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 3 செ.மீ., அதாவது மாதத்துக்கு 2.5 மி.மீ. பீன் அளந்ததற்கு வெகு அருகில் வருகிறது.

ஒட்டு நகம் எதனால் ஆனது?

இந்தக் கதை பல் மருத்துவரிடம் தொடங்குகிறது. 1950களில் பிலடெல்பியாவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஃபிரெட் ஸ்லாக், உடைந்த தன் நகத்தைப் பல் கட்டும் அக்ரிலிக்கால் சரிசெய்தார் என்று சொல்வார்கள். இன்றும் அடிப்படை வேதியியல் அதேதான். ஒரு திரவத்தையும் ஒரு பொடியையும் கலக்கிறார்கள். திரவத்தில் இருப்பவை மானோமர் என்ற சிறு மூலக்கூறுகள். பொடியில் உள்ள தொடக்கிப் பொருள் அவற்றைக் கைகோக்கச் செய்கிறது. சில நிமிடங்களில் நீண்ட சங்கிலிகளாக, பாலிமராக இறுகிவிடும். ஜெல் வகையில் இந்தத் தொடக்க வேலையைப் புற ஊதா விளக்கு செய்கிறது. கையை விளக்குக்குள் வைத்ததும் நகம் ‘சுரீர்’ என்று சுடுவதாகச் சிலர் சொல்வார்கள். பாலிமராகும் வினை வெப்பம் வெளியிடும் வினை என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது வாரம்

ஒட்டு நகம் வைத்த அன்று அழகாக இருக்கிறது. மூன்று வாரம் கழித்து அடியில் 2 மி.மீ. இடைவெளி. ‘இடைவெளி அசிங்கமாக இருக்கிறது, அதனால் கடைக்குப் போகிறார்கள்’ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அழகு ஒரு காரணம்தான். பெரிய காரணம் இயற்பியலில் இருக்கிறது.

நெம்புகோல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நகம் சதையை விட்டு விலகும் கோடுதான் ஆதாரப்புள்ளி. ஒட்டு நகத்தில் 12 மி.மீ. சதைக்கு மேலே ஒட்டியிருக்கிறது, 10 மி.மீ. வெளியே நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுனியைக் கீழே அழுத்தினால், சீசோவைப் போலப் பின்முனை மேலே எழும்பப் பார்க்கும். அந்த எழுப்பும் விசை, நுனியில் தரும் விசையைப் போல 10/12, அதாவது 0.83 மடங்கு.

மூன்று வாரத்தில் எல்லாமே 2 மி.மீ. முன்னே நகர்ந்துவிட்டது. இப்போது வெளியே 12, உள்ளே 10. விகிதம் 12/10, அதாவது 1.2 மடங்கு. நகம் வளர்ந்தது வெறும் 2 மி.மீ.; பின்முனையைப் பிய்க்கும் விசையோ 44 விழுக்காடு கூடிவிட்டது! இது எளிமையாக்கிய கணக்குதான். ஆனாலும் கார்க் கதவைத் திறக்கும்போது, மைலோ டின் மூடியை நெம்பும்போது அந்த நகம் ஏன் அடியோடு பெயர்கிறது என்பது இதில் புரிந்துவிடும். பெயரும்போது ஒட்டு மட்டும் பெயர்வதில்லை. சுமார் அரை மி.மீ. தடிப்பே உள்ள நம் சொந்த நகத்தின் மேலடுக்குகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதனால்தான் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ‘ரீஃபில்’ செய்கிறார்கள். நன்றாகத் தொழில் தெரிந்தவர் இடைவெளியை மட்டும் பூசி அனுப்பமாட்டார். முதலில் நுனியை அராவிக் குறைப்பார். பெயர்ந்து நிற்கும் ஓரங்களை எடுத்துவிடுவார். ஒட்டு நகத்தின் தடித்த மேடும் முன்னே நகர்ந்திருக்குமே, அதை மட்டமாக்கி, விசை அதிகம் விழும் இடத்தில் மேட்டை மறுபடி கட்டுவார். பிறகுதான் புது நகத்தின் மேல் புதுப் பூச்சு. அவர் செய்வது நெம்புகோலைச் சரிசெய்யும் வேலை. ‘ஆதாரப்புள்ளி’ என்ற சொல்லைக் கேட்டிராவிட்டாலும் அவர் கைக்கு அது தெரியும்.

பெயர்ந்த ஓரத்தை அப்படியே விட்டால் என்ன? நம் ஊர் ஈரப்பதம் தெரியுமே. பாத்திரம் கழுவும்போதும் குளிக்கும்போதும் அந்த இடுக்கில் தண்ணீர் புகும். வெளியே வராது. அங்கே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறினால் நகத்தில் பச்சைக் கறை படியும். பலர் இதைப் பூஞ்சை என்பார்கள், தவறு. கறை வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கும் அல்ல, பாக்டீரியா உண்டாக்கும் நிறமி. அதன்மேல் புதிதாகப் பூசி மறைப்பதுதான் மிக மோசமான யோசனை. ஒட்டை நீக்கிவிட்டு கிளினிக்கில் காட்ட வேண்டும்.

‘இடையில் சில நாள் விட்டு நகத்தை மூச்சுவிடச் செய்ய வேண்டும்’ என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. நகத் தகடு இறந்த செல்களால் ஆனது. அது மூச்சுவிடாது. நக வேருக்கு வேண்டிய ஆக்சிஜன் ரத்தத்தின் வழியே வருகிறது. நகம் மெலிவது மூச்சுத் திணறியதால் அல்ல. அளவுக்கு மீறி அராவியதாலும், பிய்த்து எடுத்ததாலும். அக்ரிலிக்கை அசிட்டோனில் ஊறவைத்தால் பாலிமர் மிருதுவாகிக் கழன்று வரும். கால் மணி நேரம், இருபது நிமிடம் பிடிக்கலாம். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு பக்கம் வைக்கக் கூடாது. கடின ஜெல் அசிட்டோனில் கரையாது. அதை அராவித்தான் எடுக்க முடியும். பிய்த்து எடுத்தால் நகத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் ஆறாது. இறந்த செல்கள் எப்படி ஆறும்? அது நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்து, வெட்டப்படும் வரை காத்திருக்க வேண்டும்.

உண்மையான கவலை

நகம் போனால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். ஒவ்வாமை அப்படியல்ல. பாலிமராக இறுகிவிட்ட பொருள் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. இறுகாமல் மிஞ்சிய மானோமர் தோலில் பட்டால்தான் ஆபத்து. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரி என்று ‘மனப்பாடம்’ செய்துகொள்ளக்கூடும். அதன்பின் தொட்டாலே அரிப்பு, வெடிப்பு, வீக்கம். சில நேரம் கண்ணிமையிலும் கழுத்திலும்கூட வரும். இந்த நினைவு பொதுவாக ஆயுளுக்கும் போகாது. இதே குடும்பப் பொருள்கள்தான் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் சிமெண்டிலும், நீரிழிவு நோயாளி ஒட்டிக்கொள்ளும் சில சர்க்கரை அளவீட்டுக் கருவிகளின் பசையிலும் இருக்கின்றன. 2018இல் பிரிட்டன் தோல் மருத்துவர் சங்கம் இதைப் பற்றி எச்சரித்தது. வீட்டில் தாங்களே பூசிக்கொள்ளும் பெட்டிகளைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. இணையத்தில் மலிவாக வாங்கிய ஜெல்லும், அதற்குப் பொருந்தாத ஒரு சின்ன விளக்கும் சேர்ந்தால், மேலே இறுகியும் உள்ளே இறுகாமலும் நிற்கும்.

மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற மானோமரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காயங்கள் பற்றிய புகார்களுக்குப் பிறகு 1970களில் அமெரிக்க அரசு இதனாலான நகத் திரவங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. விலை குறைவு, ஆனால் அளவுக்கு மீறிக் கடினம். எங்காவது மாட்டினால் ஒட்டு உடையாது, சொந்த நகம் கிழியும். மூக்கைத் துளைக்கும் நெடி, அராவினால் தேயாத கடினம், அசிட்டோனில் எளிதில் மிருதுவாகாத தன்மை ஆகியவை அதன் அடையாளங்கள். மலேசியாவில் விற்கும் ஒப்பனைப் பொருள்கள் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

நம் பள்ளிகளில் நீண்ட நகத்துக்கும் நகப்பூச்சுக்கும் அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் சோதனையை வீட்டில் மருதாணியோ ஒட்டு நகமோ வைத்தவரின் விரலில் செய்யுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நகத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, ஒரே தூரத்திலிருந்து படம் எடுங்கள். தோல் மடிப்புக்கும் நிறத்தின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியை எட்டு வாரம் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். கோடு நேராக வருகிறதா? அதன் சாய்வுதான் நகத்தின் வேகம். கட்டைவிரல், சுண்டுவிரல் இரண்டையும் தனித்தனியாக அளந்தால் எது முந்துகிறது என்பதும் தெரியும். முடிந்தால் பாட்டியின் நகத்தையும் தம்பியின் நகத்தையும் அதே தாளில் வேறு வேறு வண்ணத்தில் வரையுங்கள். பீன் 35 ஆண்டுகளில் கண்டதை உங்கள் வீட்டிலேயே எட்டு வாரத்தில் பார்க்க முடிகிறதா என்று சோதிக்கலாம்.