இடம் கிடைத்துவிட்டதா? வகுப்பு தொடங்கும் முன் கம்ப்யூட்டரில் முடிக்க வேண்டிய வேலைகள்

பட்ட மேற்படிப்பிற்கு இடம் கிடைத்துள்ளது என்று இமெயில் வந்தவுடன் நம் வேலை முடிந்துவிட்டதாக எண்ணி விடுகிறோம். உண்மையில் அன்றுதான் வேலையே தொடங்குகிறது. அந்த மெயிலில் ஒரு கடைசி தேதி இருக்கும். அதற்குள் சான்றிதழ்களை அப்லோட் செய்து, கட்டணம் செலுத்தி, இடத்தை ஏற்றுக் கொள்வதாகத் தெரிவிக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குச் சென்றுவிடும்.

நான் பெங்களூருவில் ஆறு ஆண்டுகள் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்த்தேன். கேட் தேர்வு எழுதி, இந்த ஆண்டு எம்.டெக். சேர இருக்கிறேன். வேலையை விட்டதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே கிடைத்த நாட்களில் கொல்லிமலையில், செம்மேடு அருகே உள்ள எங்கள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிற்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்துள்ளது. அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர்தான். வீட்டிற்கு முதல் கம்ப்யூட்டரும் இப்போதுதான் வந்திருக்கிறது. "எல்லாம் போனிலேயே இருக்கிறதே அண்ணா, இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்?" என்று கேட்டார். இருவருமாக அமர்ந்து தயார் செய்ததைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

எங்கள் மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். மழை பெய்தால் கரண்ட் போகும். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவிற்குக் கூட்டம் கூடும்போது போனில் சிக்னல் இருக்கும், இணையம் நகராது. கல்லூரிகளில் சேரும் காலமும் ஏறத்தாழ அதே காலம்தான். எனவே நாங்கள் வைத்துக் கொண்ட விதி ஒன்றுதான்: இணையம் இல்லாத நாளிலும் நம் வேலை நிற்கக் கூடாது. நீங்கள் நகரத்தில் இருந்தாலும் இந்த விதி உதவும். கடைசி நாளன்று எல்லோரும் ஒரே தளத்தில் நுழைய முயல்வதால் அந்தத் தளமே திணறலாம்.

1. முதலில் ஒரு போல்டர்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் எனத் தேர்ந்தெடுக்கவும். அதற்குள் நான்கு போல்டர்களை உருவாக்கவும். ஒன்று சான்றிதழ்களுக்கு, ஒன்று கல்லூரியிலிருந்து வந்த கடிதங்களுக்கு, ஒன்று பணம் கட்டிய ரசீதுகளுக்கு, ஒன்று பாடங்களுக்கு. பைல்களுக்குப் பெயர் வைக்கும்போது 01, 02 என்று எண்ணில் தொடங்கினால் அதே வரிசையில் நிற்கும். பெயரை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக, இடைவெளி இல்லாமல் அமைக்கவும். இடைவெளியும் சிறப்புக் குறிகளும் உள்ள பைல்களைச் சில தளங்கள் ஏற்பதில்லை.

போனில் எடுத்த படங்கள் கல்யாண போட்டோக்களுக்கு இடையே மாட்டிக் கொள்ளும். இரவு 11 மணிக்குத் தேடும்போதுதான் போல்டரின் அருமை தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

2. ஸ்கேன் செய்வது எப்படி?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், அனைத்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவை பெரும்பாலும் தேவைப்படும். வேறு பல்கலைக்கழகத்திற்கு மாறுபவர்களிடம் மைக்ரேஷன் சான்றிதழ் கேட்கலாம். வேலையிலிருந்து வருபவர்கள் ரிலீவிங் ஆர்டரையும் வைத்துக் கொள்ளவும்.

ஸ்கேனர் புரோகிராமில் டிபிஐ என்று ஓர் அளவு இருக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை இது குறிக்கிறது. ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 x 3508 புள்ளிகள் கிடைக்கும். அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட் என்று கணக்கிட்டால், சுருக்காத நிலையில் ஒரு பக்கமே ஏறத்தாழ 25 எம்பி ஆகும். ஜேபிஜி அல்லது பி.டி.எப். ஆக சேவ் செய்யும்போது இது வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஆனால் கல்லூரித் தளம் 200 கேபிக்குள் கேட்டால் என்ன செய்வது? டிபிஐ அளவை 150 ஆகக் குறைத்து மீண்டும் ஸ்கேன் செய்திடவும். இப்போது அகலமும் பாதி, உயரமும் பாதி. எனவே மொத்தப் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகிவிடும். எழுத்துகள் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்கவும். ஸ்கேனர் கையில் இல்லை என்றால் பெயிண்ட் புரோகிராமில் ஜேபிஜி படத்தைத் திறந்து, ரீசைஸ் பிரிவில் 50 சதவீதம் கொடுக்கலாம். மறக்காமல் சேவ் அஸ் மூலம் வேறு பெயரில் சேவ் செய்யவும். 300 டிபிஐயில் எடுத்த முதல் பைல் அப்படியே இருக்க வேண்டும்.

பல பக்கங்களை ஒரே பி.டி.எப். ஆக்க நாப்ஸ்2 என்ற இலவச புரோகிராம் உள்ளது. ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். "பி.டி.எப்.ஐச் சுருக்கித் தருகிறோம்" என்று சொல்லும் முன்பின் தெரியாத தளங்களில் உங்கள் ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்ற வேண்டாம்.

3. பெயர் ஒன்றுதானா? அட்டவணை போட்டுப் பாருங்கள்

நம் ஊரில் இனிஷியல் வழக்கம் இருப்பதால் வரும் சிக்கல் இது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே பெயர்தான். கம்ப்யூட்டருக்கோ அவை வேறு வேறு.

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறக்கவும். முதல் நெடுவரிசையில் சான்றிதழின் பெயர், இரண்டாவதில் அதில் உங்கள் பெயர் அச்சாகியுள்ள விதம், மூன்றாவதில் பிறந்த தேதி, நான்காவதில் தந்தை பெயர் என டைப் செய்யவும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அளவுகோலாக வைத்து மற்றவற்றை ஒப்பிடவும். எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும்.

திருத்தம் தேவை என்றால் இப்போதே தொடங்குங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே மாற்ற முடியும். எனவே எப்படி மாற்றுவது என்று முடிவு செய்த பின்னரே விண்ணப்பிக்கவும். சிறு வேறுபாடு என்றால் பிரமாணப் பத்திரம் போதுமா என்று கல்லூரி அலுவலகத்தை மெயில் மூலம் கேட்டு, பதிலை கடிதங்கள் போல்டரில் சேவ் செய்து வைக்கவும்.

4. ஜாதிச் சான்றிதழைத் தனியாகப் பாருங்கள்

கொல்லிமலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். தமிழகத்தில் பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் தாசில்தார் அல்ல. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர். விசாரணைக்குப் பின்னரே வழங்கப்படும் என்பதால், இல்லாதவர்கள் இடம் கிடைக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் சேருபவர்கள், மத்திய அரசின் படிவத்தில் சான்றிதழ் கேட்கப்படுகிறதா என்று பார்க்கவும். ஓ.பி.சி. பிரிவினர் கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றிதழையும், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் தங்கள் சான்றிதழையும், பொதுவாக அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் பெற்றதாகத் தர வேண்டும். சென்ற ஆண்டுச் சான்றிதழை நம்பி இருந்தால் கடைசி நேரத்தில் சிக்கல்தான்.

5. மூன்று காப்பி

பேக் அப் எடுப்பதில் 3-2-1 என்றொரு விதி உண்டு. மூன்று காப்பிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று எனக் கொள்ளலாம்.

இணையக் காப்பிக்கு, மத்திய அரசு 2015ல் தொடங்கிய டிஜிலாக்கர் நல்ல வழி. இதில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்து கொள்ளவும். அரசுத் துறையோ, பல்கலைக்கழகமோ நேரடியாக வழங்கி இஷ்யூடு பிரிவில் வரும் ஆவணம் ஒரிஜினலுக்குச் சமமாகக் கருதப்படும். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்தத் தகுதி இல்லை. அது வெறும் காப்பிதான். எப்படி இருந்தாலும் சேரும் நாளில் ஒரிஜினல்களை நேரில் காட்டச் சொல்வார்கள். அவற்றைக் கையில் எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.

6. கட்டணம் கேட்டு வரும் மெயில்கள்

சேர்க்கை காலத்தில் போலி மெயில்களும் வரும். "இன்றே பணம் கட்டாவிட்டால் இடம் ரத்து" என்று மிரட்டும். மெயிலில் உள்ள லிங்க்கைக் கிளிக் செய்யாமல், கல்லூரியின் முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்து நுழையவும். இந்தியப் பல்கலைக்கழகத் தளங்களின் முகவரி பெரும்பாலும் "ஏசி டாட் இன்" என முடியும். தனி நபரின் யு.பி.ஐ. எண்ணிற்குக் கட்டணம் கேட்டால் அனுப்பவே கூடாது. கட்டியவுடன் ரசீதை பி.டி.எப். ஆக சேவ் செய்து, ஒரு பிரிண்ட்டும் எடுக்கவும்.

7. பாடங்களை முன்பே இறக்கி வைத்தல்

வேலைக்குப் போனவர்களுக்குக் கணக்கு மறந்து போயிருக்கும். எனக்கு லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் தேவைப்பட்டன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இவற்றிற்கான விரிவுரை வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீடியோ 300 எம்பி என்று கொள்வோம். இணைய வேகம் 1 எம்பிபிஎஸ். பைலின் அளவு பைட்டில் சொல்லப்படுகிறது. வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது. ஒரு பைட் என்பது 8 பிட். எனவே 300 x 8 = 2400 விநாடி, அதாவது 40 நிமிடம். இது போல 40 வீடியோக்கள் என்றால் 26 மணி நேரத்திற்கும் மேல் ஆகும். மலையில் இது நடக்காது. நாமக்கல்லில் நண்பர் வீட்டில் இரவு முழுவதும் டவுண்லோட் செய்து, பென் டிரைவில் கொண்டு வந்தேன். மொத்தம் 12 ஜிபி. 16 ஜிபி டிரைவில் அடங்கிவிட்டது. உங்கள் பென் டிரைவ் பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தால், 4 ஜிபிக்கு மேற்பட்ட தனி பைல் அதில் ஏறாது என்பதை நினைவில் கொள்ளவும்.

நீங்கள் சேரும் துறையில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று அறிய சோத்கங்கா தளத்தைப் பார்க்கலாம். காந்திநகரில் உள்ள இன்ப்ளிப்நெட் மையம் இதனை நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இதில் இலவசம். ஆய்வேடுகள் பெரும்பாலும் அத்தியாயம் அத்தியாயமாகத் தனி பைல்களாக இருப்பதால், முன்னுரையை மட்டும் இறக்கிப் படிக்கலாம். டேட்டா மிச்சம். பக்கத்து வீட்டுப் பெண் சாமை, தினை பற்றிய ஆய்வேடுகளைத் தேடினார். தன் வீட்டுக் காட்டில் விளையும் தானியத்தைப் பற்றி ஒருவர் முனைவர் பட்டம் பெற முடியும் என்பதை அன்றுதான் அவர் திரையில் பார்த்தார். தன் துறையைத் தேர்ந்தெடுப்பதிலும் அதுவே அவருக்கு வழிகாட்டியது.

இப்படிச் சேரும் கட்டுரைகளை ஒழுங்குபடுத்த ஜொடேரோ என்ற இலவச புரோகிராம் 2006 முதல் கிடைக்கிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு வாரியாக அடுக்கித் தரும். பின்னாளில் ஆய்வேடு எழுதும்போது மேற்கோள் பட்டியலையும் அதுவே தயாரிக்கும்.

8. புதிய லேப்டாப் வாங்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். துறையில் ஆய்வகக் கம்ப்யூட்டர்கள் இருக்கும். என்ன புரோகிராம் தேவை என்று சீனியர்களிடம் கேட்ட பின்னர் முடிவெடுக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 உள்ளதா என்று மட்டும் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் சென்று பார்க்கவும். அதற்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 சிப் ஆகியவை தேவை. இவை இல்லை என்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் சிஸ்டத்தை இலவசமாகப் போட்டுக் கொள்ளலாம்.

9. முதல் மூன்று மாதச் செலவு

கேட் மதிப்பெண்ணுடன் எம்.டெக். சேருபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித் தொகை உண்டு. ஆனால் அது சேர்ந்த அன்றே கைக்கு வராது. கால்க் புரோகிராமில் கட்டணம், விடுதி முன்பணம், மெஸ், பயணம், புத்தகம் என வரிசையாக டைப் செய்து, கீழே ஆட்டோ சம் பட்டனை அழுத்தவும். வீட்டில் மிளகு விற்ற பணம் எந்த மாதம் வரும், கட்டணம் எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று அருகருகே வைத்துப் பார்த்தால், எப்போது எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிடும். கடன் தேவை என்றால் வங்கிக்குச் செல்லவும் நாள் இருக்கும். உதவித் தொகை வர வேண்டிய வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்து வைக்கவும்.

இந்த ஒன்பது வேலைகளில் எதற்கும் பெரிய கம்ப்யூட்டர் அறிவு தேவையில்லை. நாளுக்கு ஒன்று என்று எடுத்துக் கொண்டால் பத்து நாளில் முடிந்துவிடும். முதல் நாள் போல்டரும் ஸ்கேனும், இரண்டாம் நாள் பெயர் அட்டவணையும் என்று தொடங்குங்கள். ஏனெனில் திருத்தத்திற்கு நாள் பிடிக்கும் வேலைகள் அவைதான். மற்றவை நம் கையில் உள்ளன. மேற்படிப்பிற்குச் செல்லும் அனைவருக்கும் வாழ்த்துகள்.