99 வருட குத்தகை வீடு: வாங்கும் முன், விற்கும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனதும் வரும் அடுத்த கேள்வி, "வீடு எப்போ வாங்கப் போறே?" என்பதுதான். பெரும்பாலானவர்கள் தேடுவது வீவக மறுவிற்பனை வீடு. சமையலறை எப்படி, எம்ஆர்டி எவ்வளவு தூரம் என்று எல்லாம் பார்ப்போம். ஆனால் குத்தகையில் எத்தனை வருடம் மீதி இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் கேட்போம். அதை முதலில் கேளுங்கள். ஏன் என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

1. காசு கொடுத்து வாங்கினால் வீடு எனக்குச் சொந்தம்தானே?

99 வருடக் குத்தகைக்கு மட்டும் சொந்தம். நீங்கள் வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். ஆனால் குத்தகை முடிந்ததும் வீடு வீவகவிடம் திரும்பிப் போகும், இழப்பீடு கிடையாது.

"அதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். கேலாங் லோரோங் 3இல் 60 வருடக் குத்தகையில் இருந்த 191 தனியார் தரைவீடுகள், 2020 டிசம்பர் 31 அன்று குத்தகை முடிந்து அரசாங்கத்திடம் திரும்பின. அதற்கு இழப்பீடு தரப்படவில்லை.

"பழைய புளோக்கை எப்படியும் அரசாங்கம் எடுத்துக்கிட்டு புது வீடு கொடுக்கும்" என்ற நம்பிக்கையில் அதிக விலை கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட சர்ஸ் திட்டத்துக்குத் தேர்வான வீடுகள் மிகக் குறைவு. 70 வருடம் தாண்டிய வீடுகளுக்கான வெர்ஸ் திட்டத்தை 2018இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். ஆனால் எல்லா வட்டாரத்துக்கும் அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

2. மீதிக் குத்தகை என் கடனைப் பாதிக்குமா?

நிச்சயமாகப் பாதிக்கும். 2019 மே 10 முதல் உள்ள விதி இது: வாங்குபவர்களில் வயதில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருக்க வேண்டும். இருந்தால் மசே நிதியையும் வீவக கடனையும் முழு வரம்பு வரை பயன்படுத்தலாம். இல்லையென்றால் இரண்டும் விகிதப்படி குறையும்.

கணக்கு ரொம்பச் சுலபம். உங்களுக்கு 28 வயது, மீதிக் குத்தகை 60 வருடம் என்றால் 28 + 60 = 88. ஆக, 95ஐ எட்டவில்லை, வரம்பு குறையும். மீதிக் குத்தகை 68 வருடம் என்றால் 96, பிரச்சினை இல்லை. மீதி 20 வருடத்துக்கும் குறைவு என்றால் மசே நிதியைத் தொடவே முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 15 வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவரும் இதே கணக்கைத்தான் போடுவார். அவருக்குக் கடன் குறைந்தால் உங்களுக்குக் கிடைக்கும் விலையும் குறையும்.

3. ஓடிபி என்றால் என்ன?

பேங்க் அனுப்பும் ஆறு இலக்க எண் இல்லைங்க! இது, வீட்டை உங்களுக்கு விற்பதாக விற்பவர் எழுதித் தரும் பத்திரம். இதற்கு 1 முதல் 1,000 வெள்ளி வரை கொடுப்பீர்கள். அடுத்த 21 நாள்களுக்கு அவர் வேறு யாருக்கும் ஓடிபி தர முடியாது. வார இறுதியும் இந்த 21 நாள் கணக்கில் சேரும். நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். ஓடிபியைப் பயன்படுத்தி வாங்குவதை உறுதி செய்யும்போது மீதியைத் தருவீர்கள். இரண்டும் சேர்ந்து 5,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது.

கவனம்: ஓடிபி வாங்கும் முன்பே உங்கள் கையில் எச்எஃப்இ கடிதம் இருக்க வேண்டும். உங்களுக்கு என்ன தகுதி, எவ்வளவு கடன் என்பதை அதுதான் சொல்லும்.

4. பேசிய விலை முழுவதற்கும் கடன் கிடைக்குமா?

கிடைக்காது. இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விலை பேசி ஓடிபி வாங்கிய பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். பேசிய விலை 560,000 வெள்ளி, மதிப்பீடு 540,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

- வித்தியாசம் 20,000 வெள்ளி: முழுக்க ரொக்கம். மசே நிதியும் கிடையாது, கடனும் கிடையாது.
- வீவக கடன்: மதிப்பீட்டில் அதிகபட்சம் 75%, அதாவது 405,000 வெள்ளி.
- மீதி 135,000 வெள்ளி: மசே நிதி அல்லது ரொக்கம். பேங்க் கடன் என்றால் குறைந்தது 5% ரொக்கமாகவே இருக்க வேண்டும்.
- வாங்குவோர் முத்திரை வரி: 11,400 வெள்ளி.

நிரந்தரவாசிகள் குடும்பம் என்றால் முதல் வீட்டுக்கே 5% கூடுதல் முத்திரை வரி உண்டு. இந்த உதாரணத்தில் அது 28,000 வெள்ளி. வீட்டில் சிங்கப்பூரர் யாரும் இல்லையென்றால், நிரந்தரவாசம் பெற்று 3 வருடமும் ஆகியிருக்க வேண்டும்.

5. இன விகிதாசாரம் நம்மை எப்படிப் பாதிக்கும்?

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு பேட்டையில் 12%, புளோக்கில் 15%. வரம்பு நிரம்பிய புளோக்கில், சீனரோ மலாய்க்காரரோ உங்களுக்கு வீட்டை விற்க முடியாது, இந்தியரிடமிருந்து வாங்கலாம்.

விற்கும்போது இதன் மறுபக்கம் தெரியும். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. வாங்கும் கூட்டம் சுருங்கும், விலையும் அடிபடலாம். அதனால் வாங்கும்போதே வீவக இணையத்தளத்தில் அந்த புளோக்கின் நிலவரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அது மாறும்.

6. எப்போது விற்கலாம்?

பொதுவாக 5 வருடம் அந்த வீட்டில் குடியிருந்த பிறகு. புதிய பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு 10 வருடம். விற்கும் எண்ணத்தை வீவகவில் பதிவு செய்து, 7 நாள் கழித்துத்தான் ஓடிபி தர முடியும்.

7. விற்ற பணம் முழுக்க என் கைக்கு வருமா?

வராது. வீட்டுக்கு எடுத்த மசே நிதியை 2.5% வட்டியோடு உங்கள் மசே கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும். 100,000 வெள்ளி எடுத்து 10 வருடம் ஆகியிருந்தால் அது சுமார் 128,000. விற்ற விலை 500,000, மீதிக் கடன் 250,000 என்றால் கையில் நிற்பது 122,000 வெள்ளி. ஏஜென்ட் கமிஷனும் சட்டச் செலவும் அதில்தான் போகும். மசே கணக்குக்குப் போன பணமும் உங்களுடையதுதான், அடுத்த வீட்டுக்குப் பயன்படும். ஆனால் ரொக்கச் செலவுக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வீடு பார்க்கப் போகும் முன் குறித்துக்கொள்ளுங்கள்:

1. இளையவரின் வயது + மீதிக் குத்தகை = 95 அல்லது அதற்கு மேலா?
2. எச்எஃப்இ கடிதம் கையில் இருக்கிறதா?
3. அந்த புளோக்கில் நம் இன வரம்பும் மற்றவர் வரம்பும் எப்படி?
4. மதிப்பீடு குறைந்தால் கொடுக்க எவ்வளவு ரொக்கம் இருக்கிறது?

விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் கையெழுத்துப் போடும் முன் வீவக இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நாலாவது கேள்விக்குப் பதில் "தெரியல" என்றால், இந்த வாரம் வீடு பார்க்கப் போகாதீர்கள். முதலில் மசே கணக்கையும் பேங்க் கணக்கையும் திறந்து பாருங்கள்.