நெருக்கடிநேர மனநலச் சேவையின் தரத்தை அறிவது எப்படி?

தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடனோ கடும் மனக்குழப்பத்துடனோ ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படும்போது, உடன் வருவோர் முதலில் விரும்புவது அவர் அமைதியடைய வேண்டும் என்பதே. ஆயினும் அமைதியை மட்டும் கொண்டு சேவையின் தரத்தை அளக்க இயலாது. கட்டி வைத்தாலும் ஒருவர் அடங்கிவிடுவார். மிகுதியாக மருந்து கொடுத்தாலும் உறங்கிவிடுவார்.

மருத்துவச் சேவையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று கோணங்களில் நோக்கலாம் என்று 1966-ஆம் ஆண்டில் அவேடிஸ் டோனபீடியன் எழுதினார். நெருக்கடிநேரச் சேவைக்கும் இது பொருந்தும்.

அமைப்பு: பயிற்சி பெற்ற பணியாளர் இரவிலும் இருக்கிறாரா? தனிமையில் பேச இடம் உண்டா?

செயல்முறை: நோயாளியை மருத்துவர் பார்க்க எவ்வளவு நேரமாகிறது? காத்திருக்க இயலாமல் திரும்பியவர் எத்தனை பேர்? சர்க்கரை குறைவு, காய்ச்சல் போன்றவற்றாலும் குழப்பம் உண்டாகும், அவை பரிசோதிக்கப்பட்டனவா? உடலைக் கட்டுப்படுத்துதல் எத்தனை முறை, எவ்வளவு நேரம் நிகழ்ந்தது? இக்கேள்வியின் கனத்தை நாம் நன்கறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே, மனநல மருத்துவரின் ஒப்புதலுடன் உடற்கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. காரணமும் கால அளவும் உடனே பதிவு செய்யப்பட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

விளைவு: வீடு திரும்பிய முதல் சில நாள்களும் வாரங்களும் தற்கொலை அபாயம் மிகுந்தவை. ஆகவே இங்கிலாந்தில் 72 மணி நேரத்திற்குள் நோயாளியைத் தொடர்புகொண்டார்களா என்பது ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

எந்த எண்ணையும் தனித்து நம்பலாகாது. விரைவில் வீட்டுக்கு அனுப்புவது நன்று. அவரே சில நாள்களில் மீண்டும் நெருக்கடியுடன் வந்தால் அவ்விரைவு பிழையாகும். கட்டுப்பாடு குறைந்து மயக்க மருந்து கூடினால் அதுவும் முன்னேற்றமன்று.

எண்களில் அகப்படாத ஒன்றை நீங்களே சொல்ல இயலும்: உங்கள் உறவினரை மதிப்புடன் நடத்தினார்களா? அவர் சொன்னதைச் செவிமடுத்தார்களா? புறப்படும் முன், அடுத்த சந்திப்பு எந்த நாள், இரவில் நெருக்கடி நேர்ந்தால் யாரை அழைப்பது என்னும் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். கருத்துப் படிவத்தில் நீங்கள் எழுதும் குறையும் நிறையும் தரத்தின் அளவுகோல்களே.