உதடு முதல் தாடை வரை: 17 குறிப்புகள்

உதட்டில் வறட்சி, வாயோரம் வெடிப்பு, தாடையில் கறுப்பு என்று ஏதாவது தெரிந்தவுடன் எதைப் பூசலாம் என்றுதான் தேடுகிறோம். எதை நிறுத்த வேண்டும் என்று பார்த்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும். உதட்டுத் தோல் மிக மெல்லியது. அதில் வியர்வைச் சுரப்பி கிடையாது. கன்னத்தில் சுரக்கிற மாதிரி எண்ணெயும் சுரக்காது. அதனால் வெயிலும் காற்றும் காரமும் முதலில் அங்கேதான் கைவைக்கும். கீழே உள்ள குறிப்புகளில் பலவும் செலவில்லாதவை.

1. உதடு காய்ந்தால் எச்சில் தொட்டு நனைக்காதீர்கள். எச்சில் ஆவியாகும்போது உதட்டில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் சேர்த்து எடுத்துப் போய்விடும். சோற்றைச் செரிக்க வைக்கும் நொதியும் அதில் இருக்கிறது. மெல்லிய தோலை அது அரிக்கும். சில பிள்ளைகள் நாக்கைச் சுழற்றி நக்கி நக்கி, உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்து, பிறகு அந்த வட்டமே கறுத்துப் போயிருக்கும். அதட்டினால் இந்தப் பழக்கம் போகாது. வாய் வறண்டு எரிவதால்தான் குழந்தை நக்குகிறது. பள்ளிக்குக் கிளம்பும்போதும் இரவு தூங்கும்போதும் அந்த வட்டம் முழுக்க வாஸ்லினைத் தாராளமாகத் தடவுங்கள். எரிச்சல் நின்றால் நக்குவதும் நிற்கும்.

2. உரிந்து நிற்கும் தோலைப் பல்லால் கடித்தோ நகத்தால் கிள்ளியோ எடுக்காதீர்கள். பழைய மல் வேட்டித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, உதட்டின் மேல் 2 நிமிடம் வையுங்கள். ஊறிய தோல் லேசாக ஒற்றி எடுத்தாலே வந்துவிடும். வராததை விட்டுவிடுங்கள், அடியில் புதுத்தோல் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். சர்க்கரை வைத்துத் தேய்ப்பதானால் வாரத்துக்கு ஒரு முறை போதும். வெடிப்பு இருக்கும்போது அதுவும் வேண்டாம். டூத்பிரஷ்ஷால் உதட்டைத் தேய்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

3. வாஸ்லின், நெய், தேங்காய் எண்ணெய் இவற்றில் எதுவானாலும், உதட்டில் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். இவை ஈரத்தைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கின்றன. முகம் கழுவித் துடைத்த கையோடு தடவினால் முழுப் பலன். காய்ந்த உதட்டில் தடவினால் மினுமினுப்பு மட்டும்தான். வெண்ணெய் தடவுபவர்கள் உப்புப் போடாததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உதடு வெடித்தால் தொப்புளில் எண்ணெய் வைக்கச் சொல்வார்கள். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் தொப்புளில் இருந்து உதட்டுக்கு வழி எதுவும் இல்லை. அந்த ஒரு சொட்டை நேராக உதட்டில் வைத்துவிடுங்கள்.

4. வீட்டிலேயே லிப் பாம் செய்வது அரைமணி நேர வேலை. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கேளுங்கள். மெழுகுவத்தியை உருக்கிச் செய்யக் கூடாது. துருவிய தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூன்று பங்கு என்று எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் நேரடித் தீ தேவையில்லை. உருகியதும் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு, ஆறியபின் விரலால் அழுத்திப் பாருங்கள். குழைந்து ஓடினால் இன்னும் கொஞ்சம் மெழுகு. அழுத்தினால் உடைந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். நம் ஊர்க் கோடையில் தேங்காய் எண்ணெய் எப்போதும் உருகித்தான் இருக்கும். மெழுகுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. நன்றாகத் துடைத்த, ஈரம் துளியும் இல்லாத டப்பாவில் ஊற்றி வையுங்கள்.

நிறத்துக்காகப் பீட்ரூட் சாறு ஊற்றும் ஆசை பலருக்கு உண்டு. சாறு என்பது தண்ணீர். எண்ணெயோடு சேராமல் அடியில் தங்கி, சில நாளில் பூசணம் பிடித்துவிடும். கூந்தல் எண்ணெய்க்குச் சிவப்பு இறக்கும் வெம்பாளம்பட்டையைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். உதட்டில் வைப்பதெல்லாம் வயிற்றுக்குள் போகும், நான் போடமாட்டேன்.

5. எலுமிச்சைச் சாறை உதட்டிலோ தாடையிலோ தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும்; அந்த இடம் வாரக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெளுக்க வேண்டும் என்று செய்தது கறுப்பில் முடிகிறது. ஆப்ப சோடாவும் வேண்டாம்.

6. மாம்பழக் காலத்தில் பிள்ளைகளின் வாயோரத்திலும் மோவாயிலும் கருந்திட்டுகள் வருகிறதா? மாங்காய்ப் பாலாக இருக்கும். காம்பைக் கிள்ளியதும் வடியும் அந்தப் பால் தோலில் பட்டால் வெந்துபோகும். கொப்புளம் ஆறியபின் கறுப்பு மட்டும் நிற்கும். பழத்தை நன்றாகக் கழுவி, தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். நறுக்கும்போது காம்பைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சீவி எறிந்துவிட்டு, தோலையும் எடுத்துவிட்டுத் துண்டுகளாகக் கொடுங்கள். பழத்தைத் தோலோடு கடித்து உறிஞ்சுகிற சுகம் தனிதான். ஆனால் ஒருமுறை உதடு வெந்த குழந்தைக்கு அது வேண்டாம். பால் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

7. எவ்வளவு தடவினாலும் உதட்டு வறட்சி போகவில்லை என்றால் டூத்பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். நுரைக்காகச் சேர்ப்பதும், புதினா, லவங்கப்பட்டை வாசனைக்காகச் சேர்ப்பதும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. நுரை குறைவான, வாசனை கம்மியான பேஸ்ட்டுக்கு மாறி, துலக்கியபின் வாயோரத்தை நன்றாகக் கழுவுங்கள். பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே உதடு காயலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

8. வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, கொட்டாவி விட்டாலே வலிக்கிறதா? வெறும் வறட்சி என்று விட்டுவிடாதீர்கள். அங்கே எச்சில் தேங்கிப் பூஞ்சை வளர்ந்திருக்கலாம். உடம்பில் இரும்புச் சத்தோ வைட்டமின் பி2-வோ குறைந்திருக்கலாம். சர்க்கரை நோய் இருந்தாலும் வரும். கண்ணாடி முன் நின்று கீழ் உதட்டை வெளிப்பக்கமாக இழுத்து உட்புறம் பாருங்கள். நல்ல சிவப்பு இல்லாமல் வெளிறிக் கிடந்தால் ரத்தச் சோகைக்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச் சோகை இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்கள்தான் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பி2-வுக்குப் பால், தயிர், முட்டை, கீரை. இரும்புக்குக் கீரை, பயறு, ஈரல், மீன். கீரையோடு ஒரு நெல்லிக்காயோ, பிழிந்த எலுமிச்சையோ இருந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். எலுமிச்சையைத் தோலில் தேய்ப்பதைவிட இப்படித் தட்டில் பிழிவது நல்லது. சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் இரும்பு சேருவது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

9. பிறவியிலேயே கருமை கலந்த உதடு நோயல்ல, குறையும் அல்ல. அதை ரோஜா நிறமாக்குவதாகச் சொல்லும் எந்தக் கிரீமுக்கும் காசு கொடுக்காதீர்கள். முன்பு இல்லாத கறுப்பு புதிதாக வந்திருந்தால் மட்டும் காரணம் தேடுங்கள்: புகைப்பழக்கம், ஒத்துக்கொள்ளாத லிப்ஸ்டிக், ஓயாமல் கடிப்பது, சில மருந்துகள், வெயில். மேலுதட்டைவிடக் கீழுதட்டில்தான் வெயில் அதிகம் விழும். வண்டி ஓட்டுகிறவர்களும் வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கிறவர்களும் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம் போடுவது நல்லது. சாப்பிட்டபின் மறுபடி போட வேண்டும். அது இல்லையென்றால் முகத்தில் நிழல் விழும் அகலத் தொப்பியோ, முந்தானையோ, துண்டோ போதும்.

10. வெற்றிலை பாக்கு போட்டுச் சிவந்த வாய் அழகு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கும் இது பொருந்தும். ஓயாமல் பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் விறைத்து, வாய் திறப்பது வரவரக் குறையும்; காரம் பட்டால் எரியும். உங்கள் கையின் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அன்றே பாக்கை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள்.

11. லிப்ஸ்டிக்கை அக்கா தங்கையானாலும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். உதட்டோரம் கொத்தாக வரும் அக்கிக் கொப்புளம் அப்படியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகலாம். கல்யாண வீட்டில் மேக்கப் செய்பவர் ஒரே பிரஷ்ஷில் எல்லாருக்கும் போடுகிறார் என்றால், உங்கள் சொந்த லிப்ஸ்டிக்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். அட்டையில் திறந்த டப்பா படமும் அதற்குள் 12 அல்லது 18 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் வரைதான் அது நல்லது. வாசனை மாறினால் அதற்கு முன்பே தூக்கிப் போட்டுவிடுங்கள். போடுவதற்கு 10 நிமிடம் முன்னால் பாம் தடவி, துடைத்துவிட்டு, லிப்ஸ்டிக் போட்டு, டிஷ்யூவில் ஒற்றி, இன்னொரு முறை போட்டால் சாப்பாடு வரை தாங்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் செங்கல் சிவப்பு, அரக்கு, பழுப்பு கலந்த ரோஸ் எடுப்பாக இருக்கும்.

12. மேலுதட்டில் த்ரெட்டிங் செய்த அன்று ப்ளீச் வேண்டாம், நல்ல வெயிலும் வேண்டாம். சிவந்த இடத்தில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றுங்கள். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது உண்மையல்ல. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது. மோவாயில் கம்பி கம்பியாக முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வந்தால் பார்லருக்குப் போகும் முன் மருத்துவரைப் பாருங்கள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம்.

13. தாடைப் பருவைக் கிள்ளாதீர்கள். ஹெல்மெட் வாரையும் முகக்கவசத்தையும் அடிக்கடி துவையுங்கள். கன்னத்தில் கை ஊன்றி உட்காரும் பழக்கத்தையும் கவனியுங்கள்.

14. "சிவப்பாகலாம்" என்று மருந்துக் கடையில் கொடுக்கும் ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்றுதான் இருக்கும், அதுதான் ஆபத்து. தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், வாயைச் சுற்றிப் பருப்பருவாகக் கிளம்பும், நிறுத்தினால் எரியும். ஏற்கெனவே பல மாதமாகப் போடுகிறவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய், எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்.

15. தாடைக்குக் கீழேயும் கழுத்தைச் சுற்றியும் தோல் தடித்துக் கறுத்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் அது அழுக்கல்ல. பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்தால் இன்னும் கறுக்கும். பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். எடையைக் குறைத்தால் கழுத்தும் தெளியும். இப்படிக் கழுத்து கறுத்த பிள்ளையைக் குளிக்கவில்லையா என்று யாரும் கேட்க வேண்டாம்.

16. இரட்டைத் தாடைக்கு முகப் பயிற்சி செய்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. உடம்பு இளைத்தால் அதுவும் குறையும். சிலருக்குக் குடும்ப வாகு. செல்போனைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, முதுகை நிமிர்த்தினால் தாடைக் கோடு அப்போதே தெளிவாகும். கழுத்தின் முன்பக்கம் புடைப்பாகத் தெரிந்தால், கண்ணாடி முன் அண்ணாந்து ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். புடைப்பும் கூடவே மேலே ஏறி இறங்கினால் தைராய்டாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். உதட்டிலோ வாயிலோ 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையும் அப்படியே. உதடு திடீரென்று வீங்கி மூச்சு முட்டினால் கை வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

17. பல்லை விட்டுவிட்டு உதட்டின் அழகைப் பேச முடியாது. கடைவாய்ப் பல் போனால் யாருக்கும் தெரியாதென்று அப்படியே விடுகிறோம். பல் போன இடத்தில் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மற்றொரு பக்கமே மென்று பழகுவதால் அந்தப் பக்கத் தசை தடித்து முகம் கோணலாகவும் தெரியலாம். எல்லாப் பல்லும் போனவர்களுக்கு உதடு உள்ளே மடிந்து, மோவாய் மூக்கை நோக்கி வந்துவிடும். வாயோரத்தில் எச்சில் தேங்கி, 8-வது குறிப்பில் சொன்ன வெடிப்பும் வரும். எத்தனை கிரீம் தடவினாலும் நிமிராத அந்த உதடு, சரியான உயரத்தில் செய்த பல் செட்டைப் போட்டதும் நிமிர்ந்து உட்காரும்.

பெரியவர்களுக்கு வயசான காலத்தில் பல் எதற்கு என்று யாரும் சொல்லவிடாதீர்கள். இரவில் பல் செட்டைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள்; வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். ஆண்டுகள் போகப் போக எலும்பு குறைந்து செட் ஆடும். அப்போது பசை வாங்கி ஒட்டாமல் மருத்துவரிடம் போய்ப் பொருத்தத்தைச் சரிசெய்யுங்கள். புதிதாகச் செட் கட்டப் போகிறவர்கள், பல் இருந்த காலத்தில் சிரித்தபடி எடுத்த போட்டோ வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். பல்லின் அளவையும் உதடு நிற்க வேண்டிய இடத்தையும் முடிவு செய்ய மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.